பத்து லிங்க்ஸ் பாதையும் ஒரு டெஸ்ட் டிரைவும்

1. பேசாமல் ஓட்டுவது

தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் கார் ஷோரூமில் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"பேசாம வண்டி ஓட்டத் தெரியுமாடா?"

தெரியும் என்றேன். ஓட்டத்தான் தெரியும், பேசாமல் இருக்கத் தெரியாது என்பதை அன்று மத்தியானத்துக்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். அதற்குள் என் பேச்சில் ஒரு வண்டி புக்கிங் ஆகியிருந்தது. அதனால் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

என் படிப்பு பத்தாவது. அதை இரண்டு வருஷம் படித்தேன். ஆகவே மற்ற பத்தாவது ஆட்களைவிட ஒரு வருஷம் கூடப் படித்தவன் நான். அப்புறம் டிராக்டர், அப்புறம் அறுப்பு மெஷின், அப்புறம் கார். வேலையின் பெயர் டெஸ்ட் டிரைவ் டிரைவர். கஸ்டமரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவது, பிறகு அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது, இரண்டும் சேர்ந்தது இந்த வேலை.

இப்போது புதிதாக நாலு பசங்கள் சேர்ந்திருக்கிறார்கள். "உன் அனுபவத்த எழுதிக் குடு, பசங்க படிக்கட்டும். நல்லத மட்டும் எழுது" என்றார் மேனேஜர். என் சர்வீஸில் நல்லது நிறைய நடந்திருக்கிறது. அதில் பெரியது, கம்பெனி வண்டியை நான் வயலில் இறக்கியதில் ஆரம்பிக்கிறது. அதையே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நம்ம பக்கத்துக் கஸ்டமர் உள்ளே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு குடுக்கும்?" என்பதுதான். பசுமாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, மைலேஜைக் கேட்கிறார். லிட்டருக்கு எவ்வளவு என்று நீங்கள் சொல்லும் கணக்கை அவர் நம்பவும் மாட்டார். அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பாய் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் உட்கார வைத்து, "மாமி, முட்டி இடிக்குதா?" என்று கேட்டார். அந்த அம்மா இடிக்கிறது என்றார். அவ்வளவுதான், பாய் வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைத்திருப்பவர்கள், முகூர்த்தத்துக்குள் டெலிவரி வேண்டும் என்று நிற்பார்கள். கலர் எதுவானாலும் சரி என்பார்கள், கடைசியில் கலருக்குத்தான் சண்டை வரும்.

இப்படி எல்லா விதமான கஸ்டமரையும் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தபோதுதான் கலையரசி வந்தார்.

2. அகலம் கேட்டவர்

ஐப்பசி மாதம். வெளியே மழை. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவர், டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, வரிசையாக நின்ற வண்டிகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நான் போய் நின்றேன்.

"இந்த வண்டி அகலம் எவ்வளவு?"

"மைலேஜ் இருபதுக்கு மேல குடுக்கும் மேடம்."

"அது அப்பறம். அகலம் சொல்லுங்க."

"பின்னாடி மூணு பேரு தாராளமா உக்காரலாம். கொஞ்சம் சண்ட போடாம இருந்தா நாலு பேரு."

"உள்ள இல்ல தம்பி. வெளில."

எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். தம்பி என்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அதைக் காட்டிக்கொள்ளாமல் பிரவுச்சரை எடுத்துப் பார்த்தேன். ஐந்தரை அடி என்று சொன்னேன். அவர் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து பானெட் மேல் விரித்தார். சர்வே ஸ்கெட்ச். வயல்கள், வாய்க்கால், நம்பர்கள், நடுவில் ஒல்லியாக ஒரு பாதை.

கார் ஷோரூமுக்குச் சம்பளச் சீட்டோடு வருவார்கள், ஜாதகத்தோடு வருவார்கள். சர்வே ஸ்கெட்ச்சோடு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், நாங்க கார்தான் விக்கிறோம். பத்திர ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளி இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

நன்னிலம் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். மெயின் ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே அவர்கள் காலனித் தெரு. நடுவில் இருப்பது முழுக்க ஒரே குடும்பத்து வயல். அந்தக் குடும்பம் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறது, நிலத்தைப் பார்த்துக்கொள்வது சாமிநாதன் என்ற காரியக்காரர். வயலுக்கு நடுவே காலனிக்குப் போகும் பாதை சும்மா வந்ததில்லை. கலையரசியின் அப்பா கோவிந்தன் இளவட்டமாக இருந்த காலத்தில், கூலிக்காகவும் மனைக்காகவும் கொடி பிடித்து, அடி வாங்கி, கடைசியில் தாலுகா ஆபீஸில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதி வாங்கியது. பத்து லிங்க்ஸ். லிங்க்ஸ் என்பது சர்வே சங்கிலிக் கணக்கு, பத்து லிங்க்ஸ் ஆறரை அடிக்குக் கொஞ்சம் மேலே. அதன் பிறகு எத்தனையோ தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்களின் வேட்டிக் கரை மாறியது, தார் ரோடு போட்டுத் தருகிறோம் என்ற பேச்சு மாறவில்லை, பாதையும் கிராவலாகவே கிடந்தது.

கோவிந்தனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். தஞ்சாவூரில் வீடு பார்த்தால் வரமாட்டேன் என்று பிடிவாதம். ஆம்புலன்ஸ் பாதைக்குள் வராது. ஆட்டோ வந்துகொண்டிருந்தது, மழை பிடித்ததும் ஒரு ஆட்டோவின் முன்சக்கரம் சேற்றில் புதைந்து சாய்ந்தது, அதோடு அவர்களும் வருவதில்லை. நாலு பேர் அவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து மெயின் ரோடு வரைக்கும் தூக்கி வருகிறார்கள். அங்கிருந்து வாடகைக் கார்.

"நடவு, களையெடுப்புன்னு இருக்கறப்ப தூக்க ஆள் கெடைக்கறது இல்ல" என்றார் கலையரசி. "போன வாரம் ஒரு நாள் ஆள் இல்ல. போக முடியல. மறுநாள் அப்பாவுக்கு மூச்சு வாங்கிருச்சு. நான் நர்சு, எனக்குத் தெரியும். இன்னொரு தடவ அப்படி விடக் கூடாது. வீட்டு வாசலுக்கு வர்ற மாதிரி ஒரு வண்டி வேணும். என் சம்பளத்துக்கு லோன் எவ்வளவு வருமோ அதுக்குள்ள வேணும். வழியில நிக்காத வண்டியா இருக்கணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்.

3. வண்டி இறங்கியது

பாதையை அவர் ஏற்கெனவே டேப் வைத்து அளந்திருந்தார். மெயின் ரோட்டில் பாதை தொடங்கும் இடத்தில், மதகுக் கட்டை மேல் அளந்ததில் ஆறரை அடிக்கு மேல் இருந்தது. ஸ்கெட்ச்சும் அதையே சொன்னது. எங்கள் வண்டி ஐந்தரை அடி. இரண்டு பக்கமும் அரையடி மிச்சம்.

"தாராளம். நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்றேன். பசங்களா, இதை மட்டும் எந்தக் கஸ்டமரிடமும் சொல்லாதீர்கள்.

டெஸ்ட் டிரைவ் தூரத்துக்கு ஷோரூமில் ஒரு எல்லை உண்டு. மேனேஜரிடம் கேட்டேன். அந்தப் பெண்ணின் அப்பா விஷயத்தைச் சொன்னதும், "போய்ட்டு வா. வண்டில ஒரு கோடு விழக் கூடாது" என்றார். அவர் கறாரான ஆள்தான், ஆனால் அவர் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர். அன்று அவர் ஒத்துக்கொண்டதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

கார்த்திகை பிறந்து மழை இரண்டு நாள் விட்டிருந்தது. சம்பா பயிர் தூர் கட்டி, இரண்டு பக்கமும் பச்சையாக நின்றது. கலையரசி பக்கத்துச் சீட்டில். மதகைத் தாண்டி உள்ளே இறங்கினேன். முதல் நூறு அடி ராஜபாட்டை. நான் கஸ்டமரிடம் சஸ்பென்ஷனைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே போனேன். பாதி தூரத்தில் இடது பக்கம் லேசாக அமுங்கியது. பிரேக் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. வண்டி ஒரு மாடு படுப்பது மாதிரி, அவசரமில்லாமல், இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. முன்சக்கரம் பயிருக்குள். பம்பர் சேற்றுக்குள்.

"கண்ண மூடிட்டா ஓட்டுனீங்க?" என்றார் கலையரசி.

என் பக்கத்துக் கதவுதான் திறந்தது. இறங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் பாதை ஐந்தே கால் அடிகூட இல்லை. மதகு கான்கிரீட், அதை யாரும் குறைக்க முடியாது. உள்ளே மண். அது இரண்டு பக்கமும் கரைந்து கரைந்து இளைத்திருந்தது. அவர் ஓரிடத்தில் அளந்தார், நான் பிரவுச்சரைப் பார்த்தேன். நடுப்பாதையை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

காலனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கோவிந்தனும் ஒரு பையன் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று வந்து சேர்ந்தார். ஒல்லியாக இருந்தார், கால் மட்டும் வீங்கியிருந்தது. முதலில் வண்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தம்பிதான் டிரைவரா?"

"ஆமாங்கய்யா."

"என்னைய நாலு பேரு கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போறாங்க, இதுவரைக்கும் கீழ போட்டதில்ல" என்றார்.

எனக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டார் என்று புரிந்தது. ஸ்கெட்ச்சில் பத்து லிங்க்ஸ் இருக்கிறதே, மீதி எங்கே போனது என்று கேட்டேன். கோவிந்தன் சிரித்தார். சிரித்தபோது மூச்சு வாங்கியது.

"நான்தான் வெட்டுனேன்."

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"ஒவ்வொரு போகமும் அண்ட வெட்டணும்ல. வரப்பு ஓரத்துப் புல்லோட மண்ணையும் மம்மட்டியால செதுக்கி வயல்ல தள்ளறது. இந்த வயலுக்கு அண்ட வெட்டுனது நான்தான், இந்தா நிக்கிறாங்களே, இவனுவோளும்தான். ஒரு போகத்துக்கு அரை விரக்கடை. கூலி குடுத்தாங்க, வெட்டுனோம். அடி வாங்கி வாங்குன பாதைய கூலி வாங்கிட்டு வெட்டிப் போட்டோம்."

சுற்றி நின்றவர்கள் யாரும் மறுக்கவில்லை. கலையரசி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இது புதுச் செய்தி போலத் தெரிந்தது.

4. சக்கரம் எந்த நம்பரில் இருக்கிறது

வண்டியைத் தூக்க ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டும்போது, மொபெட்டில் சாமிநாதன் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"யாரும் தொடாதீங்க. வண்டி அப்படியே இருக்கட்டும்."

"ஏங்க?" என்றேன்.

"நீ யாரு?"

"டிரைவருங்க. வண்டி என்னது இல்ல, வயலும் என்னது இல்ல. நடுவுல மாட்டிக்கிட்டேன்."

"பயிர்ல கார விட்டுட்டு நக்கலா? என்ன கோவிந்தா, மக சம்பாதிக்கிறான்னு எங்க வயல்லயே ரோடு போடறீங்களா? வி.ஏ.ஓ.வ வரச் சொல்லிருக்கேன். அத்துமீறி உள்ள வந்தாங்கன்னு எழுதி வாங்கிட்டுதான் வண்டி வெளில போகும்."

கோவிந்தனைவிட அவர் பத்துப் பதினைந்து வயது சின்னவர். கலையரசிக்கு முகம் சிவந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, கோவிந்தன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

போலீஸ் கேஸ் என்று ஆகிவிட்டால் வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிட, வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் இந்தப் பாதையில் வண்டி விடவே கூடாது என்று ஆகிவிடும். அந்த மனிதரால் கட்டிலை விட்டு இறங்கவே முடியாது. அதுவும் நான் வாய்ச் சவடால் அடித்ததால்.

ஒரு மணி நேரத்தில் வி.ஏ.ஓ. வந்தார். நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மா, ஸ்கூட்டியில், ரிஜிஸ்டரோடு. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எழுதுங்கம்மா" என்றார் சாமிநாதன். "பட்டா நெலத்துல கார விட்டுப் பயிர நாசம் பண்ணிட்டாங்கன்னு."

"எழுதறேங்க. எந்த சர்வே நம்பர்?"

"எங்க நம்பர்தான். பாத்தா தெரியல? பயிர் நிக்குது பாருங்க."

"பயிர வச்சு நான் நம்பர் எழுத முடியாதுங்க. சக்கரம் உங்க பட்டாவுல இருக்கா, பாதை நம்பர்ல இருக்கான்னு எழுதணும். அத எழுதணும்னா அளக்கணும்."

"அளங்க. யாரு வேணாங்கறா."

அங்கே நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் கோவிந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. பிறகு கலையரசி சொல்லித்தான் தெரிந்தது. பாதையை அளந்து கொடுங்கள் என்று, வருஷா வருஷம் தாலுகா ஆபீஸில் மனு வாங்கும் ஜமாபந்தியில் காலனிக்காரர்கள் மனு கொடுத்து வந்திருக்கிறார்கள். சர்வேயர் இல்லை என்பார்கள், பயிர் இருக்கிறது, அறுப்பு முடியட்டும் என்பார்கள். அறுப்பு முடிந்தால் தேர்தல் வரும். இத்தனை வருஷத்தில் அளக்கச் சொல்லி எதிர்த்தரப்பே கேட்டது இதுதான் முதல் தடவை.

வி.ஏ.ஓ. அம்மா ஒரு நிமிஷம் சாமிநாதனைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு. எழுதி குடுக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் வண்டி பானெட் மேலேயே வைத்து எழுதிக் கொடுத்தார். நான் வேண்டுமானால் இன்னொரு காகிதம் தரட்டுமா என்று கேட்டேன். முறைத்தார்.

வி.ஏ.ஓ. முன்சக்கரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் முளையை அடிக்கச் சொன்னார், போட்டோ எடுத்தார், பிறகு வண்டியைத் தூக்க விட்டார். பதினாறு பேர் தூக்கினார்கள். ரிவர்ஸில் மெயின் ரோடு வரைக்கும் போனேன். அன்றைக்கு மாதிரி வாயைத் திறக்காமல் நான் எப்போதும் ஓட்டியதில்லை.

ஷோரூமில் மேனேஜர் வண்டியைப் பார்த்தார். பம்பரில் சேறு, கிரில்லில் இரண்டு நெற்பயிர்.

"டேய், டெஸ்ட் டிரைவ் போனியா, நடவு நடப் போனியா?"

நடந்ததைச் சொன்னேன். நாளையிலிருந்து வராதே என்றார். நான் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலாம் நாள் அவரே போன் செய்தார். சர்வேயர் வந்து, ஸ்கெட்ச்சில் உள்ள கல்லையெல்லாம் தோண்டிப் பார்த்து, அங்கிருந்து சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார். மூங்கில் முளை பாதை நம்பருக்குள் இருந்தது. அதற்கும் வெளியே ஒரு சாண் பாதை, பயிருக்குள் கிடந்தது. அதாவது என் சக்கரம் வயலில் இறங்கவே இல்லை. பயிர்தான் பாதையில் ஏறி நின்றிருக்கிறது. சாமிநாதன் கைப்பட எழுதிக் கேட்டு நடந்த அளப்பு, அதனால் அவரால் மறுக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் கல் நட்டாயிற்று. காலனிக்காரர்களே மண் அடித்துப் பாதையைப் பத்து லிங்க்ஸுக்கு அகலப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு வந்து உக்காந்திருக்கு" என்றார் மேனேஜர். "நீ வந்து காட்டுனாதான் வண்டி பாப்பேங்குது. வந்து தொல."

கலையரசி எனக்காகப் பேசியிருக்கிறார் என்பதைப் பக்கத்து டெஸ்க்கில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கலையரசி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேனேஜரும் சொல்லவில்லை. ஒரு மாதம் டெமோ வண்டிகளை நான்தான் கழுவ வேண்டும் என்று மட்டும் சொன்னார். சந்தோஷமாகக் கழுவினேன்.

5. எந்த வண்டி

பசங்களா, இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். மீதியெல்லாம் கதை.

நான் சேற்றில் இறக்கிய அந்தப் பெரிய வண்டி ரகத்தையே விற்றுவிடலாம் என்று மேனேஜர் நினைத்தார். பாதைதான் அகலமாகிவிட்டதே, டாப் மாடலைக் காட்டு, பெரிய ஸ்கிரீன் இருக்கிறது, அலாய் வீல் இருக்கிறது என்றார். கலையரசி அதையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்.

"எங்க ஆஸ்பத்திரி வாசல்ல கால் டாக்சி ஓட்டுறவங்க எட்டுப் பேருகிட்ட கேட்டேன். நன்னிலத்துல ரெண்டு மெக்கானிக்குகிட்ட கேட்டேன். எந்த வண்டி நல்ல வண்டின்னு கேக்கல. எந்த வண்டி உங்க பட்டறைக்கு அதிகமா வர்றது இல்லன்னு கேட்டேன்."

நான் இந்த வேலையில் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். நல்ல வண்டி எது என்று கேட்டால் எல்லோரும் தன் வண்டியைச் சொல்வார்கள். மெக்கானிக் பார்க்காத வண்டி எது என்று கேட்டால் உண்மை வரும். இரண்டு மெக்கானிக்கும் சொன்னது எங்களிடம் இருந்த சின்ன வண்டி. ஸ்பேர் எல்லா ஊரிலும் கிடைக்கும், என்ஜின் வருஷக்கணக்காக மாறாமல் வருவது, கம்பெனி புதுசாக எதையும் முயற்சி பண்ணி நம் தலையில் கட்டவில்லை.

மாதம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டோம். அந்த ஓட்டத்துக்கு டீசல் தேவையில்லை. டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையை எண்ணெய்ச் செலவின் மிச்சத்தில் திருப்பி எடுக்கப் பல வருஷம் ஆகும். மைலேஜை நான் வாயால் சொல்லவில்லை. டெமோ வண்டியில் டேங்கை ஃபுல் பண்ணி, அவரையே ஓட்டச் சொல்லி, ஏ.சி. போட்டு, கும்பகோணம் போய்த் திரும்பி, அதே பங்கில் திரும்ப ஃபுல் பண்ணிக் காட்டினேன். பிரவுச்சரில் இருந்ததைவிட மூன்று குறைவாகத்தான் வந்தது. அந்த மூன்றைச் சேர்த்துச் சொல்ல எனக்கு நாக்கு அரித்தது. சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னதும் அவர் நம்பிவிட்டார்.

பிறகு அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"திரும்பவும் அகலமா?" என்றேன்.

"இல்ல. சீட்டு உயரம்."

அப்பாவால் எந்த உயரத்திலிருந்து யார் உதவியும் இல்லாமல் எழுந்திருக்க முடிகிறதோ, அந்த உயரத்தை வீட்டில் அளந்து வைத்திருந்தார். கட்டில் உயரம். பெரிய வண்டியின் சீட் அதைவிட நாலு விரல் தாழ்வு. சின்ன வண்டியின் சீட் சரியாக இருந்தது. முன்சீட்டைப் பின்னால் சாய்த்தால் படுக்கலாம், டயாலிசிஸ் முடிந்து வரும்போது தலை சுற்றும், அது தேவை. கதவு அகலமாகத் திறந்தது. தரையிலிருந்து வண்டிக்கு நல்ல இடைவெளி, கிராவலில் அடி தட்டாது. ஏர்பேக், ஏ.பி.எஸ். இருந்த நடு மாடலை எடுத்தார். ஸ்கிரீன் வேண்டாம் என்றார். மேனேஜருக்கு முகம் தொங்கிவிட்டது.

பிரவுச்சர் ஒரு காகிதம், ஸ்கெட்ச் ஒரு காகிதம். நான் இரண்டையும் நம்பி வண்டியை இறக்கினேன். அதற்குப் பிறகு எந்தக் கஸ்டமர் வந்தாலும் முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. வீடு எங்கே, தெரு எப்படி, யார் ஏறி இறங்குவார்கள், மாதத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று கேட்கிறேன். வண்டி நிற்கப் போகும் இடத்தைப் போய்ப் பார்க்கிறேன், முழுதும் நடந்து பார்க்கிறேன். இதனால் நான் விற்ற வண்டி குறைந்திருக்கலாம். திரும்பக் கொண்டுவந்து சண்டை போட்டவர் ஒருவரும் இல்லை.

6. முதல் நாள் ஓட்டம்

மார்கழி கடைசியில் டெலிவரி. கலையரசிக்கு லைசென்ஸ் இருந்தது, கைதான் இன்னும் பழகவில்லை. முதல் நாள் மட்டும் கூட வரச் சொன்னார். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

வண்டி வீட்டு வாசலில் நின்றது. கோவிந்தன் கதவைப் பிடித்துக்கொண்டு, யாரும் தொடாமல், தானே உட்கார்ந்தார். தெருவே நின்று பார்த்தது. ஒருவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை மறுபடியும் வைக்கச் சொன்னார். கோவிந்தன், "வச்சது போதும், நேரமாச்சு" என்றார்.

புது மண் போட்ட பாதையில் கலையரசி முதல் கியரிலேயே போனார். கியர் மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. கோவிந்தன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"மூணு மாசமா இந்த வழியா போறேன் தம்பி" என்றார் என்னிடம். "கட்டில்ல படுத்துட்டுப் போனா வானம் மட்டும்தான் தெரியும். பயிர் கதிர் வந்துருச்சுன்னு ஆளுவ சொல்லித்தான் கேட்டுக்குவேன்."

பாதிப் பாதையில் திடீரென்று, "நிறுத்தும்மா" என்றார். கலையரசி பயந்துவிட்டார். "என்னப்பா பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடிய எறக்கு."

நான் எட்டிப் பட்டனைக் காட்டினேன். அவரே அமுக்கி இறக்கினார். பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே, தலை சாய்ந்த கதிருக்கு நடுவில், ஒரு பாய் அகலத்துக்கு வட்டமாகப் பயிர் பழுத்துக் கருகியிருந்தது. அதற்கப்பால் இன்னொரு வட்டம். தூரத்து வரப்பில் சாமிநாதன் குடையோடு நின்றுகொண்டிருந்தார். கல் நட்ட நாளிலிருந்து அவர் இந்தப் பாதை ஓரத்துக்கு வருவதில்லை.

கோவிந்தன் கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

"தம்பி சாமிநாதா. இங்க வா."

அவர் வரவில்லை. அங்கிருந்தே, "என்ன?" என்றார்.

"புகையான் விழுந்திருக்குப்பா. தூருல பூச்சி ஒக்காந்து சாற உறிஞ்சுது பாரு. இன்னிக்கே தண்ணிய வடிச்சுடு. பயிர வெலக்கி விட்டு காத்து போக விடு. நாளக் கடத்துனீன்னா வயல் பூரா கருகிடும்."

சாமிநாதன் குடையை மடக்கினார். வரப்பில் வேகமாக நடந்து வந்து, வயலில் இறங்கி, குனிந்து ஒரு தூரை விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"கீழ் மடைய தொறந்தா போதுமாண்ணே?"

"ரெண்டையும் தொற. ஆள் வேணும்னா தெருவுல இருக்கானுவோ, கூப்புடு. எனக்கு டயாலிசிஸுக்கு நேரமாவுது."

கண்ணாடியை அவரே ஏற்றிக்கொண்டார். கலையரசி கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி குலுங்காமல் கிளம்பியது.